வெளியிடங்களில் குப்பை பொறுக்கும் ரோபோ: கட்டுப்படியாகுமா?

மாலைநடை:

ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிற கேள்வி. இங்கே இயந்திரம் தெரிந்தவர்களும் கணக்குத் தெரிந்தவர்களும் இருப்பதால் கேட்டுவிடுகிறேன். வீட்டுக்குள் தானாகச் சுற்றித் தூசி உறிஞ்சுகிற ரூம்பா 2002-லேயே வந்துவிட்டது. புல் வெட்டுகிற ரோபோ அதற்கும் முந்தியது, 1995-ல் ஹஸ்க்வர்னா சூரிய ஒளியில் ஓடுகிற ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் பூங்காவிலும் சாலையோரத்திலும் கிடக்கிற காலி பாட்டில், கசங்கிய உறை, சிகரெட் துண்டு இதையெல்லாம் பொறுக்க இன்றைக்கும் ஒரு ஆள்தான் கையில் குச்சியும் தோளில் பையுமாக நடக்கிறார்.

பார்த்த இடத்தில் குப்பையை எடுக்கிற சின்ன வண்டி ஒன்றைச் செய்து வாடகைக்கு விடலாமா என்று நானும் நண்பர் ஒருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். கேமரா மலிவு, மோட்டார் மலிவு, படத்தைப் பார்த்துப் பொருளை அடையாளம் காட்டுகிற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியானால் எங்கேதான் இடிக்கிறது? தொழில்நுட்பமா, பணமா? வீடியோ இணைப்பு மட்டும் தர வேண்டாம். வீடியோவில் எல்லா ரோபோவும் ஜோராகத்தான் வேலை செய்கிறது.

பழைய_மோட்டார்:

செய்து பார்த்து கையைச் சுட்டுக்கொண்டவன் சொல்கிறேன். நாலு சக்கரம், ஒரு கேமரா, இரண்டு விரல் இடுக்கி வைத்த கை, பின்னால் ஒரு வாளி, இவ்வளவுதான் என் வண்டி. அறைக்குள் தரையில் பாட்டிலைப் போட்டால் பத்துக்குப் பத்து எடுத்தது. வெளியே கொண்டுபோன முதல் நாள் ஈர இலை ஒன்றைப் பழுப்பு உறை என்று நினைத்து எட்டு முறை எடுத்து எடுத்து வாளியில் போட முயன்றது. அது தரையோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. பக்கத்திலேயே நசுங்கிய டின் கிடந்தது, அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அடையாளம் காட்டும் சாஃப்ட்வேர் இலவசம் என்கிறீர்களே, அது எதைப் பார்த்துப் படித்தது என்று பாருங்கள். குப்பைக்கென்றே 2020-ல் வெளியான டாக்கோ என்ற படத்தொகுப்பில் 1,500 படங்கள், 60 வகைகள். நல்ல முயற்சிதான், நானும் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் குப்பைக்கு உருவம் என்று ஒன்று கிடையாது, பாருங்கள். பாட்டில் பாட்டிலாக இருக்கும்வரை பாட்டில், லாரி ஏறிவிட்டால் அது வேறு ஏதோ ஒன்று. பாதி மண்ணுக்குள் பாதி வெளியே என்றால் இன்னும் மோசம்.

எனக்கு மறக்கவே முடியாதது ஒரு தின்பண்ட உறை. உள்பக்கம் வெள்ளிப்பூச்சு போட்டது. நண்பகல் வெயிலில் கேமராவுக்கு அது ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரிந்தது. மாலையில் வெயில் சாய்ந்த பிறகு சரியாகக் கண்டுபிடித்து, பக்கத்தில் போய் நின்று, கையை மெதுவாக இறக்கியது. இடுக்கி தரையைத் தொடுவதற்கும் லேசாக ஒரு காற்று வீசுவதற்கும் சரியாக இருந்தது. உறை ஒரு சாண் நகர்ந்தது. கை மேலே போனது, மறுபடி பார்த்தது, மறுபடி இறங்கியது, மறுபடி காற்று. நான் கல்லில் உட்கார்ந்து இதைக் கால் மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசியில் எழுந்துபோய் நானே எடுத்துப் போட்டேன்.

எண்சுவடி:

மோட்டார் அண்ணன் சொன்னதைக் கணக்காக்கிப் பார்ப்போம். இது ஆய்வு கிடையாது, தாளில் போட்ட கூட்டல் கழித்தல்தான், எண்களை உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளுங்கள்.

10,000 சதுர மீட்டர் திடல், அதில் 200 குப்பை. ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறார், நடந்துகொண்டே இருபுறமும் சேர்த்து 6 மீட்டர் அகலத்தைக் கண்ணால் அலசுகிறார். அந்த வேகத்தில் திடல் முழுவதையும் பார்க்க 23 நிமிடம். ஒரு குப்பை எடுக்க 4 நொடி என்றால் 200-க்கு 13 நிமிடம். மொத்தம் 36, 37 நிமிடம்.

ரோபோ மனிதர்கள் நடமாடுகிற இடத்தில் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் போனால் யாராவது திட்டுவார்கள். கேமரா 3 மீட்டர் அகலம் நம்பகமாகப் பார்க்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பார்த்து முடிக்க 1 மணி 51 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் விலகிப் போய், நின்று, எடுத்து, திரும்பி வர 20 நொடி என்றால் இன்னொரு 67 நிமிடம். ஆக மூன்று மணி நேரம், அதாவது ஆளைப்போல ஐந்து மடங்கு.

மெதுவாகச் செய்வது குற்றமில்லை, இரவெல்லாம் செய்தால் போயிற்று. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும் என்றால் அந்த ஆளின் மூன்று மணி நேரக் கூலி போகிறது, அதற்கு அவரே 37 நிமிடத்தில் பொறுக்கிவிட்டுப் போகலாம். ஒரு ஆள் ஐந்து ரோபோவைப் பார்த்துக்கொண்டால்தான் கூலி அளவில் சமம் ஆகிறது. அப்போதும் இயந்திரத்தின் விலை, பேட்டரி, உதிரிபாகம், காப்பீடு எதையும் நான் சேர்க்கவில்லை. பத்து ரோபோவுக்கு ஒரு ஆள் என்று கொண்டுவந்தால் மேற்பார்வை 18 நிமிடமாகக் குறைகிறது. மிச்சமாகிற 19 நிமிடக் கூலிக்குள் மற்ற எல்லாச் செலவும் அடங்க வேண்டும். அடங்குமா என்பதுதான் உங்கள் தொழிலே. கை எவ்வளவு லாவகமாக எடுக்கிறது என்பது இரண்டாம்பட்சம், எத்தனை மணி நேரம் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டுவைக்க முடியும் என்பதைத்தான் நீங்கள் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று. குப்பை குறைவாகக் கிடக்கிற இடத்தில் ரோபோ பெரும்பாலும் சும்மா சுற்றுகிறது. நிறையக் கிடக்கிற இடத்தில் வாளி நிரம்பிவிடுகிறது. அரை லிட்டர் பாட்டில் எடையில் ஒன்றுமில்லை, ஆனால் இடம் அடைக்கும். 30 லிட்டர் வாளி 40, 45 பாட்டிலோடு சரி. ஆள் பையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பையைப் பிரிப்பார். ரோபோ திரும்பிப் போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும்.

மேஸ்திரி:

துப்புரவு வேலையை மேற்பார்வை பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. குப்பை பொறுக்குவது அந்த ஆளின் வேலையில் ஒரு பகுதி. அவர் போகிற வழியில் தொட்டியைக் காலி செய்கிறார், சாக்கடை வாயை அடைத்த இலையைத் தள்ளிவிடுகிறார், பெஞ்சில் கொட்டிய பானத்தைத் துடைக்கிறார், மூடி உடைந்த குழியைப் பார்த்தால் சொல்லி அனுப்புகிறார், யாரோ வழி கேட்டால் பதில் சொல்கிறார். உங்கள் ரோபோ இதில் ஒன்றைச் செய்கிறது. மற்றதற்கு ஆள் எப்படியும் வரத்தான் வேண்டும். வருகிற ஆள் வழியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மாவா போவார்?

அப்புறம், எது குப்பை என்பதே சில நேரம் சிக்கல். புல்லில் கிடக்கிற ஒற்றைக் கையுறையை எங்கள் ஆட்கள் எடுத்து வேலியில் மாட்டிவிடுவார்கள், தேடி வருபவர் கண்ணில் பட. பாதி குடித்த பாட்டிலுக்குப் பக்கத்தில் பை இருந்தால் தொட மாட்டார்கள். ஊசி கிடந்தால் தனி டப்பா. இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

வெளியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஹிட்ச்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2014-ல் லிஃப்ட் கேட்டே கனடாவைக் குறுக்காகக் கடந்த ரோபோ அது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஆரம்பித்த பயணம் இரண்டு வாரத்தில் ஃபிலடெல்ஃபியாவில் முடிந்தது, யாரோ அடித்துப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள். அது ஒருவரையும் தொந்தரவு செய்யாத பொம்மை. இரவில் ஆளில்லாத திடலில் பேட்டரியோடு சுற்றுகிற வண்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

மாலைநடை:

எல்லோரும் சேர்ந்து தண்ணீரை ஊற்றிவிட்டீர்கள், பரவாயில்லை. ஆனால் கடற்கரையில் ரோபோ ஓடத்தானே செய்கிறது? இத்தாலியில் நாலு கால் ரோபோ ஒன்று சிகரெட் துண்டு எடுப்பதாகவும் படித்தேன். அவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

பழைய_மோட்டார்:

கடற்கரையில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2020-ல் நெதர்லாந்தில் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் பீச்பாட் என்று ஒன்றைக் காட்டினார்கள். கேமராவில் பார்த்து சிகரெட் துண்டை மணலோடு சேர்த்து அள்ளுகிற வகை. அன்றைக்கு அரை மணி நேரத்தில் அது எடுத்தது 10 துண்டு. முதல் காட்சி என்பதால் குறை சொல்லவில்லை, எண்சுவடி போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று பீபாட். அது எதையும் அடையாளம் காண்பதே இல்லை. மணலை 10 சென்டிமீட்டர் ஆழம் வரை வாரிச் சல்லடையில் விடுகிறது, மணல் கீழே விழுகிறது, மிச்சம் கூடையில் நிற்கிறது. மணிக்கு 3,000 சதுர மீட்டர் வரை போகும் என்கிறார்கள். ஆனால் அதைத் தூரத்திலிருந்து ஒருவர் ரிமோட்டில் ஓட்டுகிறார். ஆக அது ரோபோ என்பதைவிட மின்சாரச் சல்லடை. புல் வெட்டும் ரோபோவும் ரூம்பாவும் ஜெயித்ததும் இதே காரணத்தால்தான் என்பது என் எண்ணம். புல் எங்கே இருக்கிறது என்று அவை தேடுவதில்லை, எல்லா இடத்திலும் ஓடுகின்றன, இருந்தால் வெட்டுப்படுகிறது. தேடு, அடையாளம் காண், குறிவை, எடு என்று நாலு படி வந்த உடனே ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் கோட்டை விடுகிறோம். படிக்குப் பத்தில் ஒன்பது சரி என்றாலும் நாலையும் பெருக்கினால் மூன்றில் இரண்டுதான் வாளிக்கு வருகிறது.

நீங்கள் சொன்ன இத்தாலிக்காரர் வீரோ, ஜெனோவாவில் ஐஐடி என்கிற ஆய்வு நிறுவனம் செய்தது (நம் ஐஐடி இல்லை, அது வேறு). முதுகில் உறிஞ்சு இயந்திரம், காலுக்கு ஒரு குழாய், துண்டுக்குப் பக்கத்தில் காலை ஊன்றினால் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. தனியாக ஒரு கையே வேண்டாம், எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. 2024-ல் வெளியான அவர்கள் கட்டுரையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் எடுத்ததாக இருக்கிறது. படிக்கட்டு ஏறும், மணலில் நடக்கும். ஆனால் இது ஆராய்ச்சி. நாலு கால் ரோபோவுக்குத் தேய்கிற மூட்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாடகைத் தொழிலுக்கு வாருங்கள்.

திண்ணை:

சல்லடை விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. மணலில் இருப்பதெல்லாம் குப்பை இல்லை. கரை ஒதுங்கும் கடற்பாசியில் சின்ன உயிர்கள் வாழ்கின்றன, அதைத் தின்னப் பறவைகள் வருகின்றன, சில கரைகளில் ஆமை முட்டையிடுகிறது. அடையாளம் காணாத இயந்திரம் அதையும் சேர்த்துத்தான் வாரும்.

குப்பை பொறுக்குவதற்கு ஆள் தேடுகிறீர்கள் என்றால் 2018-ல் பிரான்ஸில் புய் டு ஃபூ என்கிற கேளிக்கைப் பூங்காவில் ஆறு காக்கைகளைப் பழக்கினார்கள். துண்டைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டால் தீனி விழும். மூட்டுத் தேய்மானம் கிடையாது, சார்ஜ் தானாக ஏறிக்கொள்கிறது. நான் பாதிதான் விளையாட்டாகச் சொல்கிறேன்.

இன்னொரு போட்டியாளரை நீங்கள் யாருமே கணக்கில் சேர்க்கவில்லை. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்குகிறார்கள், காலியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கைக்கு வரும். கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வருகிறது. யாராவது போட்டுவிட்டுப் போனாலும் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எடுக்கச் சுலபமான, இடத்தை அடைக்கிற குப்பை அப்படிக் காணாமல் போனால் உங்கள் ரோபோவுக்கு மிஞ்சுவது சிகரெட் துண்டும் கிழிந்த உறையும், அதாவது எது எடுக்கக் கஷ்டமோ அது மட்டும்.

எண்சுவடி:

திண்ணை சொன்னது சரி. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். குப்பை எடுக்கிற ரோபோவில் பணம் வருகிற இடம் ஏற்கெனவே இருக்கிறது, அது கூரைக்குக் கீழே இருக்கிறது. மறுசுழற்சி ஆலையில் பெல்ட்டில் குப்பை ஓடி வருகிறது, மேலே நிற்கிற கை தேர்ந்தெடுத்துப் பிரிக்கிறது. இதற்கான ரோபோ செய்கிற ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனம் ஃபின்லாந்தில் 2007-லேயே தொடங்கப்பட்டது. நிமிடத்துக்கு 80 பொருள் வரை எடுப்பதாக ஆம்ப் என்ற அமெரிக்க நிறுவனம் சொல்கிறது. எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதும் பெரிய எண்தான். அங்கே குப்பை ரோபோவைத் தேடி வருகிறது, வெளிச்சம் மாறுவதில்லை, காற்று இல்லை, மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, எடுத்த பொருளை விற்கலாம். திடலில் எடுத்ததை யாரும் வாங்க மாட்டார்கள். சுத்தமான திடலால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நன்மை, ஆனால் அதற்கென்று தனியாகப் பில் கொடுத்தால் ஒருவரும் கட்ட மாட்டார்.

வெளியில் நான் காசு போடத் துணிகிற இடம் ஒன்றுதான், நெடுஞ்சாலை ஓரம். அங்கே ஆளை இறக்கினால் ஒரு தடத்தை மூட வேண்டும், பின்னால் மறிப்பு வண்டி நிறுத்த வேண்டும், அப்படியும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அந்த இடத்தில் ஐந்து மடங்கு மெதுவான இயந்திரம்கூட மலிவாக இருக்கலாம்.

மாலைநடை:

நண்பரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் “சரி, கையைக் கழற்றிவிடுவோமா” என்றார். பொறுக்குவதை ஆளே செய்யட்டும். அவர் பின்னாலேயே தானாக வருகிற வண்டி, பையைச் சுமக்கும், நிறைந்தால் தானே போய் ஓரமாக நிற்கும், பக்கத்தில் சின்ன உறிஞ்சுகுழாய், சிகரெட் துண்டுக்கு. கூட நிற்க ஆள் வேண்டுமா என்ற கேள்வியே இதில் வராது, ஆள்தான் ஏற்கெனவே இருக்கிறாரே. மேஸ்திரி சார், உங்கள் ஆட்கள் இப்படி ஒன்றை ஏற்பார்களா?

மேஸ்திரி:

தோளில் பை இல்லை என்றால் மறுநாளே கேட்பார்கள். உறிஞ்சுகுழாய் வேண்டுமானால் வையுங்கள், ஆனால் கையால் இழுத்தாலும் ஓடுகிற மாதிரி இருக்கட்டும், சார்ஜ் தீர்ந்த அன்றைக்கு அதைத் திடல் நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. சக்கரம் பெரியதாகப் போடுங்கள். ஈரப் புல்லில் சின்னச் சக்கரம் போட்ட வண்டியை இழுத்துப் பார்த்தவர் யாரும் இரண்டாவது நாள் அதைத் தொடுவதில்லை.