பினாங்கில் நிற்கும் பாய்மரப் படகு இன்ஜினுக்கு ஆன்டிஃப்ரீஸ் தேவையா?

பட்டர்வொர்த் பையன்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். ஸ்ட்ரெய்ட்ஸ் குவே படகுத்துறையில் ஒரு சுவீடன்காரரின் படகைப் பார்த்துக்கொள்கிறேன், இன்ஜின் யான்மார் 3ஒய்எம்30 டீசல். அவர் ஊருக்குப் போய்விட்டார், நவம்பரில்தான் வருவார். கிளம்பும்போது, எங்கள் ஊரில் குளிர்காலத்துக்குச் செய்வது போலவே செய்துவிடு, இன்ஜினைக் குளிரவைக்கக் கடல்தண்ணீர் ஓடும் பக்கம் ஆன்டிஃப்ரீஸ் (தண்ணீர் உறையாமல் தடுக்கும் திரவம்) ஏற்று என்று சொல்லிவிட்டார். இங்கே பனி ஏது, ஐஸ் கச்சாங் தவிர? கடையில் கேட்டால் காருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ட்டை எடுத்து நீட்டுகிறார்கள். அதையே ஊற்றலாமா?

ஜெலுத்தோங் மெக்கானிக்:
ஊற்றாதே தம்பி. காருக்கான அந்தப் பச்சை பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், விஷம். கடல்தண்ணீர்ப் பக்கம் போட்டால் அடுத்த தடவை ஸ்டார்ட் செய்ததும் எக்ஸாஸ்ட் வழியாக நேரே கடலுக்குத்தான் போகும். அவர் சொல்வது ரோஸ் நிறத்தில் வரும் புரோப்பிலீன் கிளைகால். அங்கே அது இல்லாமல் ஆகாது, தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் போலப் பெருக்கும், இன்ஜின் சூட்டைக் கடல்தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரே பிளந்துவிடும். நமக்கு எதிரி உப்பு, அதற்கு நல்ல தண்ணீர் போதும். சீ-காக்கை, அதாவது படகுக்குள் கடல்தண்ணீர் வரும் வால்வை மூடி, அதிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு இன்ஜினை ஓடவிடு, வாளி காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இரு. பைப் தண்ணீரை மட்டும் நேராக ஹோஸில் செருகிவிடாதே. இன்ஜின் ஓடாத நேரத்தில் அந்த அழுத்தத்துக்கு எக்ஸாஸ்ட் பெட்டி நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும், அப்புறம் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்தாலும் வளையும்.

செந்தூல்காரன்:
மெக்கானிக் அண்ணன் சொன்னது சரி. ஆனால் ரோஸ் கிடைத்தால் கடைசியாக ஒரு வாளி ஓட்டுவதில் தப்பில்லை, பலதில் துருத்தடுப்பும் கலந்திருக்கும். அதற்காகக் கடை கடையாக அலையாதே. அதைவிட இம்பெல்லரை, அதாவது கடல்தண்ணீர் பம்ப்பில் சுற்றும் ரப்பர் சக்கரத்தைக் கழற்றி வைப்பது முக்கியம், மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் ரப்பர் இறக்கை வளைந்தபடியே நின்றுவிடும். கழற்றியதைச் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடு, இல்லாவிட்டால் அவர் வந்ததும் நேரே ஸ்டார்ட் போடுவார். ஆயிலையும் இப்போதே மாற்று, பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலம் சும்மா நிற்கும்போதுதான் பேரிங்கை அரிக்கும்.

பட்டர்வொர்த் பையன்:
நன்றி அண்ணே. அப்போ பச்சைக் கூலன்ட்டுக்கு வேலையே இல்லையா? டீசல் டேங்கும் பாதிதான் இருக்கிறது.

ஜெலுத்தோங் மெக்கானிக்:
இருக்கிறதே, இந்த இன்ஜினில் உள்ளே தனியாகச் சுற்றும் மூடிய வட்டத்துக்குக் கூலன்ட்தான் வேண்டும். உறையாமல் இருக்க அல்ல, துருப்பிடிக்காமல் இருக்க. எந்த வகை என்று மேனுவலில் போட்டிருக்கும், பார்த்து வாங்கு. எப்போது மாற்றினார் என்று அவரிடம் கேள், பழசாக இருந்தால் மாற்றிவிடு. டேங்கை நிரப்பிவிடு. காலியிடம் இருந்தால் ஈரம் வியர்த்துத் தண்ணீராக இறங்கும், நம் பம்ப்புகளில் 2019 முதல் பெரும்பாலும் வருவதோ பாமாயில் பயோடீசல் 10 சதவீதம் கலந்த பி10, அது ஈரத்தை இன்னும் இழுக்கும், கிருமி வளர்ந்து ஃபில்டரைக் கறுப்புச் சளியாக அடைக்கும். டீசலுக்கான கிருமிநாசினியை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்துவிட்டு, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட்டு, மருந்து ஃபில்டர் வரை போய்ச் சேரட்டும். அதெல்லாம் முடிந்த பிறகு இம்பெல்லரைக் கழற்று.