ஸ்பெயின் மாட்டுச் சண்டை: ரெண்டு துணி எதற்கு?

மேலூரான்:
நேற்று ஸ்பெயின் மாட்டுச் சண்டை வீடியோ ஒன்று பார்த்தேன். முதலில் பெரிய ரோஸ் துணி, கடைசியில் சின்ன சிவப்புத் துணி. மாட்டுக்குத்தான் சிவப்பு சரியாகத் தெரியாதே, அப்புறம் ஏன் மாற்றுகிறார்கள்? வாடிவாசல் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை.

கடல்தாண்டி:
மாட்ரிட்டில் 9 வருடமாக இருக்கிறேன். லாஸ் வெந்தாஸ் அரங்கத்துக்கு ஒரே தடவைதான் போனேன். மொத்தம் ஆறு மாடு, மூன்றாவதோடு எழுந்து வந்துவிட்டேன். அதனால் ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ரோஸ் துணிக்குப் பெயர் கபோத்தே. மறுபக்கம் மஞ்சள். ஒரு கடையில் தூக்கிப் பார்த்தேன். கஞ்சி போட்டுக் காயவைத்த ஜமக்காளம் மாதிரி விறைப்பு, நாலைந்து கிலோ கனம். ரெண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மாடு புதிதாகப் பாய்ந்து வரும்போது அது எந்தப் பக்கம் கொம்பைத் திருப்புகிறது என்று இதை வைத்துத்தான் கணிப்பார்கள்.

சிவப்புத் துணி, முலேத்தா, ஒரு குச்சியில் மாட்டியது. ஒரு கையே போதும், மறுகையில் வாள். மாடு துரத்துவது அசைவைத்தான். சிவப்பென்றால் ரத்தக்கறை பளிச்சென்று தெரியாது என்கிறார்கள்.

நான் போன அன்று நல்ல காற்று. துணி உடம்போடு ஒட்டிக்கொண்டால் மாடு ஆளையே குத்திவிடும். ஓர் உதவியாள் ஓடிவந்து துணியில் தண்ணீர் ஊற்றினார், வீரர் அதன் ஓரத்தை மணலில் போட்டுத் தேய்த்துக் கனமாக்கினார். அன்றைக்கு வாளை விட அந்தத் தண்ணீர்தான் முக்கியமாகப் பட்டது.

மேலூரான்:
சரி, குதிரையில் வருபவர் ஈட்டியால் குத்துவது?

கடல்தாண்டி:
திமில் பக்கம் குத்தினால் மாட்டின் தலை தாழும். தலை நிமிர்ந்திருந்தால் கொம்புக்கு மேலாகச் சாய்ந்து வாளை இறக்க முடியாது. குதிரைக்கு மெத்தைக் கவசம் 1928இல்தான் கட்டாயமானது. அதற்கு முன் குதிரைக்குக் குடல் சரிவது சாதாரணம். இன்னொன்று, துணி ஆட்டும்போது பெரும்பாலும் கையில் இருப்பது எடை குறைந்த போலி வாள். நுனி லேசாக வளைந்த எஃகு வாளைக் கடைசியில்தான் வாங்கிக்கொள்வார்கள்.

லிஸ்பன்வாசி:
மேலூர்க்காரரே, நீங்கள் போர்ச்சுகல் பக்கம் பாருங்கள். எட்டுப் பேர், கையில் ஒன்றும் கிடையாது, ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். முன்னால் நிற்பவர் பச்சைக் குல்லா போட்டு, இடுப்பில் கையூன்றி மாட்டைக் கூப்பிடுவார். அது வந்ததும் கொம்புகளுக்கு நடுவே விழுந்து கட்டிக்கொள்வார். மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்க, கடைசி ஆள் வாலைப் பிடித்து நிறுத்துவார். கொம்புக்குத் தோலுறை உண்டு. அரங்கில் வைத்துக் கொல்வதில்லை.

மேலூரான்:
வாலையா! எங்கள் பக்கம் வாலைப் பிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள், திமில் மட்டும்தான். வீடியோ இருந்தால் போடுங்கள், எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் காட்டணும்.