.308-க்கும் 9 மி.மீ-க்கும் எந்த ரீலோடிங் பிரஸ்?

இருப்பது டெக்சாஸில். 2 வருடமாகப் பழைய சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் (ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் வகை) .308 வின்செஸ்டர் ரைபிள் தோட்டா போடுகிறேன், அதாவது சுட்ட வெற்று உறையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தயாரிக்கிறேன். மாதம் 50, குறையில்லை. ஜனவரியில் 9 மி.மீ. பிஸ்டலும் சேர்ந்தது. வாரம் 200 வேண்டும். ஒவ்வொரு உறைக்கும் நாலு முறை கைப்பிடி இழுத்து, நடுவில் டை (உறையை வடிவாக்கி, குண்டைப் பொருத்தும் அச்சு) மாற்றி, சனிக்கிழமையே போய்விடுகிறது.

கார்பைடு டை வாங்கிப் பார்த்தேன். உறைக்கு எண்ணெய் தடவும் வேலை மிச்சமானது, அவ்வளவுதான். அப்புறம் நண்பரின் டரட் பிரஸ்ஸில் (எல்லா டையும் சுழலும் தட்டொன்றில் இருக்கும் வகை) ஒரு மாலை உட்கார்ந்தேன். வேகம் பரவாயில்லை, ஆனால் டை தட்டு லேசாக ஆடி, தோட்டா நீளம் 0.01 அங்குலம் வரை மாறியது. டில்லன் 550 என்ற புரொகிரசிவ் பிரஸ் (ஒரே இழுப்பில் பல உறைகளில் வேலை நடக்கும் வகை) மீது ஆசைதான். அதில் உறைகள் நிற்கும் தட்டைக் கையால் சுழற்ற வேண்டும். மறந்தால் ஒரே உறையில் வெடிமருந்து இரண்டு முறை விழுமே என்ற பயம்.

கையில் 900 டாலர். .308-ஐப் பழையதிலேயே விட்டுவிட்டு 9 மி.மீ-க்கு மட்டும் புரொகிரசிவ் வாங்கலாமா, இல்லை இரண்டுக்கும் நல்ல டரட் ஒன்றே போதுமா?