புதுப்பிப்பு: அண்ணனின் டேங்கர் லைசென்ஸ்

பெட்ரோல் டேங்கர் ஓட்ட லைசென்ஸில் தனி அனுமதி வேண்டுமா என்று அண்ணனுக்காகக் கேட்டிருந்தேன். வேண்டும், கனரக லைசென்ஸ் மட்டும் போதாது. 3 நாள் பயிற்சிச் சான்றிதழைக் காட்டி ஆர்டிஓ அலுவலகத்தில் பதிந்துவிட்டார். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி இந்த அனுமதி 3 ஆண்டு செல்லும். முன்பு 1 ஆண்டுதான்.

பயிற்சியில் அவர் மனத்தில் நின்றது ட்ரெம் கார்டு. ஏற்றியிருக்கும் சரக்கு கசிந்தால், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அதில் இருக்கும். வண்டியின் உரிமையாளர் அதை டிரைவரிடம் கொடுத்தே ஆகவேண்டும். பழைய முதலாளி ஆசிட் லோடு ஏற்றி அனுப்பியபோது ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. நினைத்தாலே பதறுகிறது. அப்புறம், டேங்கரில் எழுதியிருக்கும் 1203, ஆபத்தான சரக்குகளை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்களில் பெட்ரோலுக்கானதாம்.

கார்டு கைக்கு வராமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.