கூஸ்கோ திருவிழாவில் இன்கா உடை: ஆட்சியாளர் தந்த சலுகையா, குலத்தார் காத்த உரிமையா?

கேள்வி (தாராபுரம்):
பெரு நாட்டின் கூஸ்கோ நகரில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரையப்பட்ட கார்ப்பஸ் கிறிஸ்டி (கத்தோலிக்கரின் நற்கருணைத் திருவிழா) ஓவியங்களின் படங்களைப் பார்த்தேன். நற்கருணைப் பவனியில், ஸ்பானியர் வெல்லும் முன் அங்கே ஆண்ட இன்கா குலத் தலைவர்கள் முன்னோரின் மேலங்கியும், மார்பில் சூரிய வட்டும், நெற்றியில் ‘மாஸ்கபைச்சா’ என்னும் செந்நூல் குஞ்சமும் அணிந்து வருகிறார்கள். சூரிய வழிபாட்டையே ஒழிக்க முனைந்த ஸ்பானியர் இதற்கு எப்படி இடம் கொடுத்தார்கள்?

மறுமொழி (கோபி):
ஐயா, அந்த விழாவே கிறித்தவத்தின் வெற்றியைக் கொண்டாடுவது. தோற்றவர் தோற்றவராகவே கண்ணுக்குத் தெரிந்தால்தானே வென்றவருக்குப் பெருமை? ஆனால் அணிந்தவர்களின் கணக்கு வேறு. இன்கா உயர்குடியினர் என்று ஏற்கப்பட்டவர்களுக்குத் திறை வரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் விலக்கு இருந்ததால், ஊரறிய அணிந்த அந்தக் குஞ்சம் பத்திரத்துக்கு நிகரான சான்றாக நின்றது. முற்காலத்தில் அது பேரரசர் ஒருவருக்கே உரியது என்பதை நினைத்தால், காலனி ஆட்சியில் குலத் தலைவர் பலரும் அதைச் சூடியதை வெறும் பழைய மரபின் தொடர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலங்கிக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஐரோப்பியச் சரிகைப்பின்னல் கைகளையும் கவனியுங்கள்.

மறுமொழி (பெருந்துறை):
நம் பக்கம் கோயில் நோன்பியில் முதல் மரியாதையாகக் கட்டும் பரிவட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளையர் ஆட்சியில் தமிழகக் கோயில்களின் மரியாதைச் சண்டைகள் நீதிமன்றம் வரை சென்றதற்குக் காரணம், துணியின் விலையன்று. யாருக்கு முதலில் என்பதே. ஆயினும் பரிவட்டத்தைக் கோயில் கட்டுகிறது. வென்றவனின் சமயத் திருவிழாவில், தோற்ற அரசின் முடியைத் தாமே சூடி வருவது அதைவிடச் சிக்கலானது.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. அப்படியானால் பின்னர் அந்த உடையை ஏன் தடை செய்தார்கள்?

மறுமொழி (கோபி):
1780இல், தம்மை இன்கா அரச வழியினர் என்று அறிவித்து இரண்டாம் துபாக் அமாரு கிளர்ந்தெழுந்தார். அவர் 1781 மே 18 அன்று கூஸ்கோவின் பெருஞ்சதுக்கத்தில் கொல்லப்பட்டார். அவருக்குத் தண்டனை விதித்த ஸ்பானிய அரசின் உயர் அதிகாரி அரெச்சேயின் தீர்ப்பு, இன்கா அரசுடையையும், இன்கா மன்னர்களின் ஓவியங்களையும், சங்கு ஊதுவதையும் சேர்த்தே தடுத்தது. விழாவுக்கு அழகென்று விட்டுவைத்த உடை, அரசுரிமை கேட்கும் ஒருவர் அணிந்ததும் அச்சமூட்டியது. இதில் கொடுமை என்னவென்றால், சின்செரோ என்னும் ஊரின் தலைவர் புமாகாவா உட்பட கூஸ்கோவின் இன்கா உயர்குடியினர் பலர் ஸ்பானிய அரசின் பக்கம் நின்று அந்தக் கிளர்ச்சியை எதிர்த்தவர்கள். தடையோ கலகக்காரருக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை.