மார்த்தாள் கேட்டது

ரங்கூன் மாமா, காலை 7.05
ஸ்தோத்திரம். வருகிற மார்ச் 28-ஆம் தேதியோடு மாப்பிள்ளை போய் ஒரு வருஷம் ஆகிறது. இரவு எல்லோரும் போனில் கூடி ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைக்கலாம். பாஸ்டர் ஐயாவிடம் பேசிவிட்டேன்.

பெகு தம்பி, 7.20
சரி மாமா. எங்கள் பக்கம் ஒன்பதுக்கு மேல்தான் கரண்ட்.

மண்டலை சின்னக்கா, 11.40
இப்போதுதான் விபிஎன் பிடித்தது. மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்தோத்திரம் எதற்கு? அவர் சாப்பிட வருவார் என்று மீன் குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பூமி ஆடியது. கடை இருந்த கட்டடத்திலிருந்து மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். எதற்கு நன்றி சொல்ல?

ரங்கூன் மாமா, 11.52
அப்படிப் பேசக் கூடாதம்மா. கர்த்தர் ஒரு நோக்கத்தோடுதான் செய்வார்.

மண்டலை சின்னக்கா, 11.53
அதைத்தான் ஒரு வருஷமாக எல்லோரும் சொல்கிறார்கள்.

மோல்மேன் பெரியம்மா, 12.30
தம்பி, நீ கொஞ்சம் சும்மா இரு. வேதத்தில், கூடப்பிறந்தவன் லாசரு செத்து நாலு நாள் கழித்து வந்த இயேசுவைப் பார்த்து மார்த்தாள் என்ன கேட்டாள்? நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டானே என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ஆளனுப்பியும் இரண்டு நாள் தாமதித்தவர் அவர். அவளை அதட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே அழுதார்.

மோல்மேன் பெரியம்மா, 12.48
அமெரிக்க மிஷனரி ஜட்சன் துரை 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் ஆள் விசுவாசத்துக்கு வர ஆறு வருஷம். வெள்ளைக்காரனோடு பர்மா ராஜா யுத்தம் செய்த காலத்தில், ராஜாவின் தலைநகரமான ஆவாவில் சிறை. 1826 அக்டோபரில் அவர் மனைவி ஆன் அம்மா காய்ச்சலில் போய்விட்டார், இங்கே நம் கியாய்க்கமியில்தான். துரை அப்போது பக்கத்தில் இல்லை. ஆறு மாதத்தில் கைக்குழந்தையும் போனது. காட்டோரம் குடிசை போட்டு, தனக்கென்றே ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாராம். தேவனை நம்புகிறேன், ஆனால் காணவில்லை என்று எழுதினார். மிஷனரியே அப்படி எழுதினார்.

பெகு தம்பி, 12.55
அப்புறம் எப்படி எழுந்தார் பெரியம்மா?

மோல்மேன் பெரியம்மா, 1.10
ஒரே நாளில் இல்லை. வருஷங்கள் ஆயின. மொழிபெயர்ப்பு வேலைக்குத் திரும்பி, 1834 ஜனவரியில் பர்மிய வேதம் முழுவதையும் எழுதி முடித்தார். அதே வருஷம் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். உனக்கு யோசனை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதே.

மண்டலை சின்னக்கா, 1.14
சிரித்துவிட்டேன்.

மண்டலை சின்னக்கா, 1.31
ஒன்று சொல்கிறேன். கூடாரத்தில் இருந்தபோது பக்கத்துப் பர்மாக்காரக் கிழவி தினமும் காலையில் ஒரு கிண்ணம் மொகிங்கா, அதுதான் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு நாள் கிண்ணத்தைக் கழுவும்போதுதான் எனக்கு ஜெபம் வந்தது. ஜெபம் என்ன, சண்டைதான். ஆனால் அதுவரை கர்த்தரிடம் பேசக்கூட இல்லை. இப்போது தினமும் பேசுகிறேன்.

ரங்கூன் மாமா, 2.05
மன்னித்துக்கொள்ளம்மா. நினைவு ஜெபம் என்றே போடுகிறேன். நேரம் நீயே சொல்.

மண்டலை சின்னக்கா, 2.09
பகல் 12.50. பிரசங்கம் வேண்டாம். மார்த்தாள் பகுதியை மட்டும் படிக்கட்டும். அழுத இடத்தோடு நிறுத்த வேண்டாம் மாமா, லாசரு வெளியே வருகிற வரைக்கும் படிக்கச் சொல்லுங்கள்.

பெகு தம்பி, 2.11
பகலில் கரண்ட் இருக்காது அக்கா. முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டு வைக்கிறேன்.