இடுப்பு எலும்பு முறிவு: மாடி வீட்டுக்காரர்களுக்குப் புதுப்பிப்பு

விழுந்த பெரியவரின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம், நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருந்தோம். சென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் குறுகலான மாடிப்படியில் எப்படி இறக்குவது என்பதுதான் அடுத்து வந்த கேள்வி.

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்காதீர்கள். இடுப்பு மடங்கினால் உடைந்த முனைகள் நகர்ந்து உயிர்போகும் வலி வரும். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, முழங்காலுக்கு மேலும் கணுக்காலிலும் வேட்டியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே இறக்க வேண்டும். ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றாலும் ஸ்ட்ரெச்சர் வீட்டுக்கு வரும்; அவசரப்பட்டு ஆட்டோவில் ஏற்றாதீர்கள். காபி, டிபன் கொடுத்தால் மயக்க மருந்து தள்ளிப்போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரா? அட்டையோடு எடுத்துப் போய் முதலிலேயே காட்டுங்கள்.

கட்டுப்போட்டால் சேரும் என்று இன்னமும் சொல்கிறார்கள். தொடை எலும்பின் கழுத்து (இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகலான பகுதி) உடைந்தால் மேல் உருண்டைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுபடலாம்; வெளிக்கட்டு அங்கே ஒன்றும் செய்யாது. படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முடிந்தால் மறுநாளே வாக்கரோடு நிற்பது, இதுதான் சரியான வழி.

ஆபரேஷனில் இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு இந்தியன் டாய்லெட், தரையில் உட்காருவது, கால்மேல் கால் மூன்றும் டாக்டர் சொல்லும்வரை கூடாது.